நகம் வரை

ஜூன் 9. விடிந்து முதல் மணி. ஓக் மரங்கள் 84.

கேட்டது 90. வந்த 84-லும் பதினொன்று முறுக்கிக்கொண்டவை. வண்டிக்காரனிடம் சொன்னால், "மரம்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறான். இந்த ஊரில் எதைக் கேட்டாலும் இதுதான் பதில்.

இது வேலைக் குறிப்பு. மனக்குறை எழுத அல்ல. ஆனால் ஒன்றை எழுதி வைக்கிறேன்: நான் பாவியா நகரத்தில் நான்கு வருடம் கல்வேலை கற்றவன். கல்லில் வளைவு கட்டத் தெரிந்தவனை மரக்கூடம் கட்ட அனுப்பியிருக்கிறார்கள்.

கூடம் எதற்கு என்றால், முடியிறக்கத்துக்கு. பிராங்கு நாட்டு அரியணையில் நீளமுடி ராஜா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலையாட்டுவது அவர் வேலை. ஆள்வது அரண்மனைத் தலைவரான எங்கள் ஹாத்தோ பிரபு. ரைன் ஆற்றுக்குக் கிழக்கே இந்த அலமான்னியர் நாட்டுக்குச் சிற்றரசர் எர்லாஃப், பிரபுவின் தங்கை ஸ்விந்தாவைக் கட்டியவர். பிரபு அவரை 'மாப்பிள்ளை' என்பார். இரண்டு முறை கலகம் செய்த மாப்பிள்ளை. அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகன். ஆகஸ்ட் 15, மாதா திருநாளன்று தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, தாய்மாமன் கையால் முதல் முடி இறக்குவார்கள். அதோடு பையன் பிரபுவுக்கும் மகன். பகை தீர்ந்தது. சிற்றரசரின் உறவு முழுவதும் நெக்கார் ஆற்றங்கரைக்கு வரும். எனவே கூடம்.

நாளுக்குள் முடித்தால் இதே ஆற்றில் கல்பாலம் எனக்கு என்று பிரபு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஐந்து வளைவு. இந்தப் பக்கம் முன்பு யாரும் கட்டாதது. அதற்காக மரத்தைப் பொறுத்துக்கொள்வேன்.

ஜூன் 11

உள்ளூர்த் தச்சு மேஸ்திரி கெரோ. ஐம்பது வயது. ஒவ்வொரு மரத்தையும் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுகிறார், ஒரு சாண் நகர்கிறார், மறுபடி மூன்று தட்டு. காதை வைத்துக் கேட்கிறார்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"எங்க பலவீனமா இருக்குன்னு அதுவே சொல்லும் தம்பி. நீங்க எங்க படிச்சீங்க?"

"பாவியா."

"பேருலயே இருக்கு."

ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். முறுக்கின பதினொன்றில் எட்டைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்பதால் விட்டேன்.

மதியம் அவர் மகள் ஊட்டா பார்லிக் கஞ்சி கொண்டுவந்தாள். வேலையாட்களுக்கும் எனக்கும் அவள்தான் சமையல். கணவன் போன வருடக் கலகத்தில் செத்தவன். எங்கள் பக்கத்து ஈட்டி. அவள் இடது கன்னத்தில் கரி. சம்பந்தமில்லாத விவரம்.

ஜூன் 20

பிரபுவின் படைத்தலைவன் ராடோ வந்தான். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டுமாம். குறுக்குக் கட்டை போடும் கொக்கிகளும் வெளிப்பக்கம்.

"உள்ள இருக்கறவன் எப்படித் தாழ் போடுவான்?" என்றேன்.

"உள்ள இருக்கறவன் ஏன் தாழ் போடணும்?"

"காற்று அடிச்சா?"

"காற்று அடிக்காது. கட்டு."

வாடிக்கையாளருக்குத் தொழில் தெரியாது என்பது பாவியாவிலேயே தெரிந்த விஷயம். கெரோ கதவுக்குப் பைன் பலகை போதும் என்றார், ஒரு நாள் விழாவுக்கு எதற்கு ஓக் என்று. நான் ஓக் என்றேன். மூன்று விரல் கனம், இரட்டை அடுக்கு. என் பெயரில் நிற்கும் கதவு கோழிக்கூட்டுக் கதவு மாதிரி ஆடக்கூடாது.

ஜூன் 21

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 2

இன்று ஒரு நல்ல கட்டளை. தரைக்குச் சரிவு, நடுவில் கல் வாய்க்கால், சுவருக்கு வெளியே ஆறு வரை. கடைசியில் ஒருவருக்காவது புத்தி வந்திருக்கிறது! விருந்துக் கூடத்தைக் கழுவ வேண்டாமா? அறுபது அடிக்கு ஒரு அடி சரிவு கொடுத்தேன். கல்லை நானே செதுக்கினேன். இந்த ஊருக்கு வந்து முதல் கல்.

கெரோ பார்த்துவிட்டு, "பீர் அவ்வளவா சிந்தும்?" என்றார்.

"உங்க ஆளுங்க குடிச்சா சிந்தும்."

"உங்க ஆளுங்க ஊத்துனா சிந்தும்" என்றாள் ஊட்டா, கஞ்சிச் சட்டியை இறக்கியபடி. பதிலுக்குப் பதில் பேசும் பெண்கள் எனக்குப் பிடிக்காது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். உழைப்பு அதிகம்.

ஜூலை 5

சுவரில் துளைகள் வேண்டுமாம், காற்றுக்கு. மார்பு உயரத்தில். சூடான காற்று மேலேதான் போகும், துளை கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ராடோவுக்கு மண்ணில் கோடு போட்டு விளக்கினேன். அவன் என் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, "மார்பு உயரம்" என்றான்.

ஒரு துளை ஒரு கை நுழையும் அளவு. நாற்பது துளை. இரண்டு பக்கச் சுவரிலும்.

ஜூலை 10

இருக்கைத் திட்டமும் என் தலையில். வருகிற ஆண்கள் உறவு முறைப்படி உட்கார வேண்டும். யாரையும் விடக்கூடாது, பிரபுவின் உத்தரவு. "கடைசி ஆள் வரைக்கும்," என்றான் ராடோ. "மரியாதை."

இவர்கள் உறவை உடம்பில் எண்ணுகிறார்கள். தலை என்பது பெற்றவர்கள். அதிலிருந்து கை வழியாகக் கணுக் கணுவாக இறங்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறை விலகலுக்கும் ஒரு மூட்டு: தோள், முழங்கை, மணிக்கட்டு, நடுவிரலின் மூன்று கணு, நகம். நகத்தோடு உறவு முடிந்தது. நகத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவன் சொத்தில் பங்கு கேட்க முடியாது, பழிவாங்கவும் வர வேண்டியதில்லை. பத்திரமே தேவையில்லை, ஆளுக்கு ஒரு கை இருக்கிறது. முட்டாள்தனம்தான், ஆனால் சுத்தமான முட்டாள்தனம்.

ஆட்களைக் கேட்டுக் கேட்டுக் கிளைகளை வரைந்தேன். மாலையில் கெரோ தயங்கித் தயங்கி வந்தார். சிற்றரசரின் கொள்ளுத் தாத்தாவுக்கும் மேலே எங்கேயோ இவருடைய வழி பிரிகிறது.

"நான் நகம் தம்பி. எங்கப்பா அப்படித்தான் சொல்வார். கடைசி பெஞ்சா இருந்தாலும் பரவாயில்ல."

எண்ணினேன். அண்ணன் தம்பி தோளில் ஆரம்பம். ஒவ்வொன்றாக இறங்கினேன். நகம் வந்தது, தாண்டியது.

"நீங்க நகத்துக்கு வெளிய. காத்து."

"சரியா எண்ணுனீங்களா?"

"எனக்கு எண்ணத் தெரியும்."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். ஆட்கள் 'காத்து மேஸ்திரி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூலை 11

கஞ்சியில் உப்பு இல்லை.

ஜூலை 12

கஞ்சியில் உப்பு இல்லை. கேட்டேன். "காத்துல உப்பு கரையாதுங்க" என்றாள்.

ஜூலை 24

ஸ்விந்தா அம்மா பார்வையிட வந்தார். அண்ணன் ஜாடை அப்படியே. கூடவே மகன். முதுகு வரை முடி. வாய்க்காலில் காகிதத்தோல் துண்டில் படகு விட்டான். நேராக ஆற்றுக்குப் போனது. என் சரிவு.

இருக்கைத் திட்டத்தைப் பார்த்தவுடன் அம்மா விரல் வைத்தார். "என் கொழுந்தனை எங்க போட்டிருக்கீங்க?"

"தோளில், அம்மா."

"அது நம்ம பிராங்குக் கணக்கு. இங்க கூடப் பிறந்தவன் கழுத்து. அதுக்கு அப்புறம்தான் தோள். பத்து வருஷமா இவங்களோட இருக்கேன், எனக்குத் தெரியும். எல்லாரையும் ஒரு மூட்டு மேல ஏத்துங்க."

தவறு. ஒப்புக்கொள்கிறேன். அளவுகோலைத் தவறான முனையில் வைத்திருக்கிறேன்.

பிறகு அவர் கதவருகே நின்றார். கொக்கிகளைத் தொட்டார். சுவர்த் துளையில் கையை நுழைத்து எடுத்தார்.

"அண்ணன் சொல்லித்தான் இப்படியா?"

"ஆமாம் அம்மா."

மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மகன் அவர் மேலாடை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "மேடைக்குப் பின்னால சின்னக் கதவு இருக்கே, அது எவ்வளவு அகலம்?"

"ஒரு ஆள், ஒரு குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போகலாம்."

"போதும்" என்றார்.

போதாது என்று நான் நினைத்தேன். இருநூறு பேர் வருகிற கூடத்துக்கு அது போதவே போதாது. சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

ஜூலை 25

எல்லோரும் ஒரு மூட்டு மேலே. கெரோ நகத்தில் வந்து விழுந்தார்! எட்டாவது பெஞ்சு, கதவுக்குப் பக்கத்தில் கடைசி இடம்.

நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தேவையில்லைதான். ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம். மனிதர் உட்கார்ந்துவிட்டார். நடுவிரல் நகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார். மரத்தைத் தட்டுகிற மாதிரி என் தோளில் மூன்று தட்டு.

ஊட்டா வெண்ணெய் போட்ட ரொட்டி கொடுத்தாள். "அப்பாவுக்குப் புதுச் சட்டை தைக்கணும்" என்றாள். "நீங்க அவ்வளவு மோசம் இல்ல."

இரண்டு ரொட்டி.

ஆகஸ்ட் 6

கதவு ஏறியது. கெரோ இழைத்த கதவு. மூடினால் வெளிச்சக் கோடு கூட இல்லை. "காட்டெருமை முட்டினாலும் அசையாது தம்பி" என்று உள்ளேயிருந்து கத்தினார். சத்தம் கிணற்றிலிருந்து வருவது போல இருந்தது. நல்ல கதவு.

ஆகஸ்ட் 12

கருவிக் கொட்டகையில் என் கயிறுகளைக் காணோம். தேடப் போனால் ராடோவின் ஆட்கள் ஈட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். புதியவை. காம்பு வழக்கத்தை விட மெலிசு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

என் துளைக்குச் சரியாக நுழையும் கனம்.

கயிறு கிடைத்தது. வேறு மூலையில் இருந்தது.

ஆகஸ்ட் 13

ஹாத்தோ பிரபு வந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார். மேசையில் பாலத்துக்கான என் வரைபடம்.

"ஐந்து வளைவு தாங்குமா?"

"ஐந்நூறு வருடம் தாங்கும் பிரபு."

"கூடம்?"

"எவ்வளவு நாள் தாங்கணும்?"

சிரித்தார். "புத்திசாலிப் பையன். ஒரு பகல்." பிறகு ஆப்பிள் ஒன்றை வெட்டிக்கொண்டே, "மாப்பிள்ளை நல்லவன்தான். ஆனா அவனுக்கு உறவு ஜாஸ்தி. ஒருத்தனைத் தொட்டா நகம் வரைக்கும் பழிவாங்க வருவான். அதனால ஒருத்தனை மட்டும் தொடக் கூடாது" என்றார்.

ஒரு துண்டை எனக்கும் கொடுத்தார். சாப்பிட்டேன். புளிப்பு.

பாலத்துக்குக் கல் வெட்டும் ஆணையில் முத்திரை வைத்தார். ஆணை என் பெட்டியில் இருக்கிறது.

ஆகஸ்ட் 14

கெரோவைப் பார்த்தேன். புதுச் சட்டை போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். நீலம். கை கொஞ்சம் நீளம்.

"மேஸ்திரி, கணக்கு தப்பு. பிராங்குக் கணக்குப்படி நீங்க வெளிய. நாளைக்கு உள்ள வர முடியாது."

"எந்தக் கணக்கு? அம்மாவே சொல்லிட்டாங்க, கழுத்துலருந்துன்னு."

"பிரபு பிராங்கு. அவர் கூடம்."

அவர் சிரித்தார். "தம்பி, கை என் கை. நீங்க என்ன, என் நகத்தைப் பிடுங்கப் பாக்கறீங்களா? நான் உள்ள உட்காரப் போறேன்னு ஊர் முழுக்கச் சொல்லியாச்சு."

"வராதீங்க."

"ஏன்?"

ஊட்டா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இடம் போதாது" என்றேன்.

"ஒருத்தனுக்கு இடம் போதாத கூடத்தையா ரெண்டு மாசமா கட்டினோம்?" என்றார் கெரோ. ஊட்டாவும் சிரித்தாள். நான் வந்துவிட்டேன்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். அதற்கு மேல் ஒரு கட்டடக்காரன் என்ன செய்ய முடியும்?

ஆகஸ்ட் 15

கதவு தாங்கியது.

ஆகஸ்ட் 16

நேற்றையதை வேலைக் குறிப்பாக மட்டும் எழுதுகிறேன்.

விடிந்து நான்காம் மணிக்குள் எல்லோரும் வந்தாயிற்று. ஆயுதங்களைக் கதவுக்கு வெளியே வைத்தார்கள். முடியிறக்கத்தில் கத்தரிக்கோல் தவிர இரும்பு இருக்கக் கூடாது என்பது வழக்கம். பெண்களுக்கு ஆற்றோரம் தனிக் கூடாரம். பெஞ்சுகளில் யாரும் இடம் மாறவில்லை. திட்டம் சரியாக வேலை செய்தது. கெரோ என்னைப் பார்த்து நகத்தைக் காட்டினார்.

பிரபு மருமகனை மடியில் வைத்து ஒரு கற்றை வெட்டினார். எல்லோரும் வாழ்த்தினார்கள். எர்லாஃப் அழுதார். மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து, "இவன் இனிமே என் பிள்ளை" என்றார் பிரபு. பையனைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் காட்டிவருவதாகச் சொல்லிச் சின்னக் கதவால் போனார். அகலம் போதுமாக இருந்தது.

நான் அவருக்குப் பின்னாலேயே வெளியே வந்து, வாய்க்கால் முடிகிற இடத்தில் நின்றேன். அது என் இடம். முதலில் பீர் வந்தது. குறுக்குக் கட்டை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு வந்தது பீர் இல்லை.

சரிவு போதவில்லை. அறுபதுக்கு ஒன்று என்பது தண்ணீருக்கான கணக்கு. இது கெட்டியாகிறது. இரண்டு இடத்தில் அடைத்துக்கொண்டது, கம்பு வைத்துக் குத்த வேண்டியிருந்தது. அடுத்த முறை நாற்பதுக்கு ஒன்று.

கடைசிப் பெஞ்சுக்குத் துளைகள் எட்டவில்லை. கதவோரம் ஈட்டி போகாத மூலை ஒன்று. என் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. ஆகவே அங்கே நேரம் பிடித்தது. கதவில் தட்டும் சத்தம். மற்றவர்கள் இடித்தார்கள், உதைத்தார்கள். ஒரே ஒரு சத்தம் மட்டும் வேறு மாதிரி. மூன்று தட்டு. ஒரு சாண் நகர்ந்து, மூன்று தட்டு. மறுபடி ஒரு சாண்.

பலவீனமான இடம் எதுவும் இல்லை. நான்தான் ஓக் கேட்டேன். அவர்தான் இழைத்தார்.

ஆகஸ்ட் 17

காலையில் பிரபுவின் கூடாரத்திலிருந்து ஒரு பெண் அலறும் சத்தம். ஸ்விந்தா அம்மா. கணவனுக்காக அல்ல, அதற்கு அவர் நேற்று முன்தினமே வாயைத் திறக்கவில்லை. பையன் தலையை முழுவதுமாக மழித்துவிட்டார்கள். நீளமுடி இல்லாதவன் அரியணை ஏற முடியாது; மழித்த தலைக்கு மடம்தான். மாலையே மலைமடத்துக்கு அனுப்புகிறார்கள்.

"உயிரோட விடறேன்னு சொன்னீங்களே அண்ணா!"

"விட்டிருக்கேன். பாரு, நடக்கிறான்."

பையன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே என்னைக் கடந்து போனான். "படகு எங்க போச்சு?" என்று கேட்டான். கடலுக்கு என்றேன்.

ஆகஸ்ட் 18

ஊட்டா வேலைக்கு வந்தாள். வர மாட்டாள் என்று நினைத்தேன். பொழுது விடியும்போது என் குடிசைக் கதவில் மூன்று தட்டு. எழுந்து நின்றுவிட்டேன். கஞ்சிச் சட்டியோடு அவள்.

"முதல்ல வெளியன்னீங்க. அப்புறம் உள்ளன்னீங்க. கடைசில மறுபடி வெளியன்னு சொல்ல வந்தீங்க" என்றாள். "நான் ரெண்டு நாளா எண்ணிப் பாக்கறேன். முதல் ரெண்டும் கணக்கு. மூணாவது என்ன?"

"இடம் போதாதுன்னு..."

"கையக் கொடுங்க."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. கழுத்தில் விரலை வைத்தாள். தோள். முழங்கை. மணிக்கட்டு. கணு, கணு, கணு. நகத்தில் வந்து நின்றாள். அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தாள்.

"அப்பா இங்க. நான் அவர் பொண்ணு. அப்போ நான் எங்க?"

நான் கஞ்சிச் சட்டியைப் பார்த்தேன்.

"நீங்கதான எண்ணத் தெரிஞ்சவரு, சொல்லுங்க. காத்து. என்னை யாரும் எண்ண மாட்டாங்க. தேடவும் மாட்டாங்க." கையை விட்டாள். "கஞ்சி ஆறுது. சாப்பிடுங்க."

வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பசி இல்லை என்றேன். "பரவாயில்ல," என்றாள். "நாளைக்கும் கொண்டு வருவேன். பாலம் கட்டி முடிக்க எத்தனை வருஷம்?"

"ஆறு."

"சரி" என்று போய்விட்டாள்.

பிறகு ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாக இருக்கிறது. இதுவரை இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

செய்ய வேண்டியவை:

1. கூடத்தைப் பிரித்து, மரத்தைப் பால வளைவுகளுக்குச் சாரமாக வைத்துக்கொள்வது. பிரபுவின் அனுமதி கிடைத்தது.

2. கதவின் உட்பக்கத்தை இழைப்பது. கீழ்ப் பலகையில் கீறல்கள், இடுப்பு உயரம் வரை. ஒன்றில் நகமே மாட்டியிருக்கிறது. ஆள் விடாமல் நானே செய்ய வேண்டும்.

3. வாய்க்கால் கற்களைக் கழுவிப் பாலத்து அடித்தளத்துக்கு எடுத்துக்கொள்வது. நல்ல கல்.

4. வேறு தச்சு மேஸ்திரி தேடுவது. இந்தப் பக்கம் யாரும் மிச்சமில்லை. ரைனுக்கு அந்தப் பக்கம் ஆள் அனுப்ப வேண்டும்.

5. ஊட்டாவைப் பற்றி ராடோவிடம் ஒரு வார்த்தை சொல்வது. நாளை. அல்லது பாலத்துக்கு முதல் கல் வைத்த பிறகு.

6. அதுவரை கஞ்சியை முதலில் நாய்க்கு வைப்பது.

7. ஒரு நாய் வாங்குவது.